மழைக்கால நத்தைக்கு உப்பு மருந்தல்ல

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எனக்கு வரும் போன் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். குளியலறையில் கறுப்பாக, வழவழவென்று ஏதோ ஊர்கிறது, மாடித்தோட்டத்தில் நேற்று மாலை நன்றாக இருந்த கீரை நாற்று காலையில் வெறும் தண்டாக நிற்கிறது, என்ன செய்வது? ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே மீதியையும் சொல்லிவிடுவார்கள்: "உப்பு போட்டேன் சார், அப்பவே சுருண்டு செத்துருச்சு. ஆனா மறுநாள் ராத்திரி இன்னும் நாலஞ்சு வருதே."

உப்பு போட்டால் சாகும், அதில் சந்தேகமில்லை. ஓடில்லா நத்தையின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதன் தோல் வழியாக நீர் எளிதாக வெளியேறும். மேலே உப்பு விழுந்ததும் உள்ளிருக்கும் ஈரத்தை அது இழுத்துவிடுகிறது. ஆனால் நத்தை செத்த பிறகு அந்த உப்பு எங்கே போகும்? மண்ணில்தான் கிடக்கும். வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கும் மாவட்டம் நம்முடையது. உப்பு மலிவு, கை தாராளமாகப் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி கல்லுப்பு சுமார் 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர அளவுள்ள ஒரு குரோ பேக் மண்ணில் தங்கும் ஈரம் 5 லிட்டர் என்றால், லிட்டருக்கு 10 கிராம் உப்பு ஆகிறது. கடல் தண்ணீரில் இருப்பது லிட்டருக்குச் சுமார் 35 கிராம். அதாவது கடல் நீரின் கால் பங்குக்கும் அதிகமான உப்பில் உங்கள் மிளகாய்ச் செடி நிற்கிறது. மண்ணின் உப்பை மின்கடத்துத்திறனாக அளப்பார்கள், மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்பது அதன் அலகு. 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர் நிலம். மிளகாய்க்கு 1.5 தாண்டும்போதே விளைச்சல் குறையத் தொடங்குகிறது, பீன்ஸுக்கு 1 தாண்டினாலே போதும். லிட்டருக்கு 10 கிராம் உப்பு இருந்தால் அளவு 15க்கு மேல் போய்விடும். ஏற்கெனவே நம் போர் தண்ணீர் பல தெருக்களில் வாயில் வைக்க முடியாத உவர்ப்பு. இலையின் ஓரம் கருகி, நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும் மல்லிகைச் செடியைக் காட்டி, "என்ன நோய்?" என்று கேட்கும் வீடுகளில் நான் முதலில் கேட்பது, நத்தைக்கு உப்பு போட்டீர்களா என்பதுதான். நத்தை தின்றிருந்தால் அந்தச் செடி திரும்பவும் துளிர்த்திருக்கும்.

சரி, வருவது யார் என்று பார்ப்போம். நம் பக்கத்து வீடுகளில் அதிகம் தென்படுவது லேவிகாலிஸ் ஆல்டே என்ற இனம். ஆப்பிரிக்காவிலிருந்து பரவியது. கறுப்பு அல்லது கரும்பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, முதுகின் நடுவே வெளிறிய ஒரு கோடு. தொட்டால் சுருண்டுகொள்ளும். இதைப் பார்த்து ரத்தம் குடிக்கும் அட்டை என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இது கடிக்காது, உறிஞ்சாது, காதுக்குள் ஏறவும் காத்திருக்காது. இலை, அழுகிய காய்கறித் தோல், நாய்க்கு வைத்த சோறு போன்றவைதான் இதற்குத் தீனி. மற்ற நத்தைகளைவிட வறட்சியை நன்றாகத் தாங்கும். வெயில் காலம் முழுக்க மண்ணுக்குள் இறங்கிப் படுத்திருந்து, வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழைக்கு மேலே வரும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அதற்கடுத்த வாரங்களில் தீவுப் பக்கமிருந்து வந்த போன்களைச் சமாளிக்க முடியவில்லை. வெள்ளத்தில் அது எங்கிருந்தோ அடித்து வந்தது என்று பலரும் நினைத்தார்கள். பெரும்பாலும் அவர்கள் வீட்டு மண்ணுக்குள்ளேயே இருந்ததுதான் வெளியே வந்தது.

ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் என்பதால் எந்த இரண்டு சந்தித்தாலும் முட்டை உண்டு. ஈரமான கல், பலகை, தொட்டிக்கு அடியில் பாசிமணி கோத்ததுபோலக் கொத்தாக இட்டு வைக்கும். இரவில் கண்ணில் பட்ட நான்கின்மேல் உப்பைத் தூவிவிட்டு இந்தக் கொத்தை விட்டுவிட்டால் அடுத்த மாதமும் அதே கதைதான்.

செடியைக் கடித்தது நத்தையா புழுவா என்பதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். இலை மீதும் தொட்டி விளிம்பிலும் காய்ந்த பளபளப்புத் தடம் இருந்தால் நத்தை. தடம் இல்லாமல், இலைமேல் கடுகுபோலச் சின்னச் சின்ன எச்சம் கிடந்தால் புழு. இது தெரியாமல் நத்தைக்குப் புழு மருந்து அடித்துப் பணத்தைக் கரைப்பவர்கள் நிறையப் பேர்.

இனி வீட்டைச் சுற்றி வாருங்கள். நம் ஊர்ப் பிரச்சினையின் வேர் தண்ணீர்ப் பஞ்சத்தில் இருக்கிறது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாததால் ஒவ்வொரு வீட்டிலும் கொல்லைப்புறத்தில் டிரம், குடம், வாளி என்று வரிசையாக நிற்கின்றன. டிரம்மின் அடிப்பாகம் சிமென்ட் தரையில் படும் இடம் எப்போதும் ஈரம், எப்போதும் இருட்டு. நத்தைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்த டிரம்களை நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் காற்றும் வெளிச்சமும் போக விட்டால் பாதி வேலை முடிந்தது. மாடித் தொட்டிகளுக்கும் இதையே செய்யுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர், ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீர், வாஷிங் மெஷின் குழாய் இவை சுவரோரம் விழும் இடத்தைப் பாருங்கள். மழை நின்று இரண்டு மாதம் ஆன பிறகும் நத்தை வரும் வீடுகளில் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

தென்னை மட்டை, உரிமட்டை, பழைய பனை ஓலை, உடைந்த ஓடு, மீன் பெட்டி எதையும் சுவரை ஒட்டிக் குவிக்காதீர்கள். மண்ணை இலைதழையால் மூடும் மூடாக்குப் போடுவது நம் மணல் மண்ணுக்கு அவசியம்தான். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நாற்று சின்னதாக இருக்கும் நாட்களில் மட்டும் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மிக முக்கியமானது, செடிக்குத் தண்ணீர் விடும் நேரம். மாலையில் ஊற்றும் பழக்கம் நம் வெயிலால் வந்தது, ஆனால் அது நத்தைக்கு விருந்து வைப்பதற்குச் சமம். விடிகாலைக்கு மாற்றுங்கள். இரவில் மண்ணின் மேல் பகுதி காய்ந்திருந்தால் அதனால் தூரம் போக முடியாது.

குளியலறைக்குள் வருவது கழிவுநீர் ஓட்டை வழியாகவும் கதவின் அடி இடுக்கு வழியாகவும்தான். சாதாரண ஜல்லடை மூடி போதாது. அதன் உடம்பு நசுங்கி நம்ப முடியாத அளவு சிறிய துளையிலும் புகும். நுண்ணிய கண்ணுள்ள எஃகு வலையை அடியில் வைத்து மூடுங்கள். கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. நத்தையைக் கண்ட பதற்றத்தில் பிளீச்சிங் பவுடரைப் போட்டு, அதன்மேல் ஆசிடையும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

இருப்பதைப் பிடிக்க, டார்ச் லைட்டை விடச் சிறந்த கருவி எனக்குத் தெரியாது. மழை விட்ட இரவில், எட்டு மணிக்கு மேல், கையுறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு, பழைய இடுக்கியால் எடுத்து ஒரு வாளியில் போடுங்கள். அந்த வாளியில் கெட்டியான உப்புத் தண்ணீர் இருக்கட்டும். உப்புக்கு உரிய ஒரே இடம் அதுதான். காலையில் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள், செடிப் பக்கம் வேண்டாம். செத்த நத்தைகளை ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். தொடர்ந்து சில இரவுகள் செய்தால் எண்ணிக்கை இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

இரவில் கண்விழிக்க முடியாதவர்கள் பொறி வைக்கலாம். நனைத்த சணல் சாக்குக்கு அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸின் வெளி இலை, பழத்தோல் ஏதாவது போட்டுச் சாயங்காலம் விரித்துவிடுங்கள். விடிந்ததும் வெயில் ஏறுமுன் சாக்கைப் புரட்டினால் அடியில் கூட்டமாக இருக்கும். அதை எடுக்க மறந்தால் நீங்களே அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். மேலை நாட்டுக்காரர்கள் கிண்ணத்தில் பீர் ஊற்றி மண்ணில் புதைப்பார்கள். நத்தையை இழுப்பது அதிலுள்ள புளித்த வாசனை. இவ்வளவு பனை மரம் இருக்கும் ஊரில் கள் வைத்துப் பார்க்கலாமே என்று ஒரு பெரியவர் கேட்டார். 1987 முதல் தடை, நத்தைக்கென்று தனிச் சலுகை கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் மைதாவும் கரைத்து வைத்தால் அதே வாசனை வந்துவிடும்.

முட்டை ஓடு, தாமிரப் பட்டை போன்றவற்றைப் பற்றி வீடியோக்களில் நிறையச் சொல்கிறார்கள். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018இல் முட்டை ஓடு, தாமிரப் பட்டை, சரளைக்கல், மரப்பட்டை, கம்பளி உருண்டை ஆகிய ஐந்தையும் லெட்யூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுச் சோதித்தது. எதுவும் போடாத செடிகளுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நம்மவர்கள் போடும் சாம்பலும் சுண்ணாம்பும் காய்ந்திருக்கும்வரை கொஞ்சம் தடுக்கும், ஒரு தூறலில் தீர்ந்தது. அதோடு நம் கடலோர மண் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது. இவற்றை அள்ளிப் போட்டால் அது இன்னும் ஏறும்.

கடையில் விற்கும் மெட்டால்டிஹைடு குருணைக்கு வருகிறேன். 2.5 சதவீத அளவில் வரும் இது நத்தையைக் கொல்லும், உண்மைதான். ஆனால் தவிட்டோடு சேர்த்துச் செய்வதால் நாய், கோழி, ஆடு எல்லாமே தீனி என்று நினைத்துத் தின்னும். ஆடும் கோழியும் தெருவில் சுற்றும் மீனவக் குடியிருப்புகளில் இதைத் தூவச் சொல்ல எனக்கு மனம் வராது. தின்ற நாய்க்குச் சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வரும். மாற்று மருந்து என்று தனியாக ஒன்று கிடையாது. அப்படி நடந்தால் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். குழந்தை வாயில் போட்டுவிட்டால் 108. பெரிய தோப்பில் வேறு வழியே இல்லாமல் பயன்படுத்துகிறவர்கள்கூட, சின்னத் துளையிட்ட குழாய்த் துண்டுக்குள் வைத்துப் பயன்படுத்துங்கள். கனமழையில் குருணை கரைந்து வீணாகும் என்பதையும், ஈரமான இரவில் விஷம் தின்ற நத்தை சில நேரம் பிழைத்துக்கொள்ளும் என்பதையும் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

செடிக்கு வரும் சேதத்தைவிட எனக்குக் கவலை தருவது எலி. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு உண்டு, ஆஞ்சியோஸ்ட்ராங்கிலஸ் கன்டோனென்சிஸ் என்று பெயர். அதன் குஞ்சுகள் எலிப் புழுக்கையில் வெளியேறும். அதை நத்தை தின்னும். நத்தையையோ, நத்தைத் துண்டு ஒட்டிய பச்சைக் காய்கறியையோ மனிதர் தின்றால் புழு மூளை வரை போய் மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும். ஆஸ்திரேலியாவில் 2010இல் நண்பர்களோடு விளையாட்டாக ஒரு ஓடில்லா நத்தையை விழுங்கிய இளைஞர் மாதக்கணக்கில் கோமாவில் கிடந்து, முடங்கி, 2018இல் இறந்தார். கேரளத்திலும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. அந்த நோயாளிகளில் சிலர் உடும்பைப் பச்சையாகச் சாப்பிட்டவர்கள், உடும்பும் நத்தை தின்னும் பிராணி என்பதால். உடும்பைப் பிடிப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம்.

இதைக் கேட்டு வீட்டைக் காலி செய்ய வேண்டாம். தொட்டதால் மட்டும் இது வராது, வாய் வழியாகத்தான் வரும். நத்தையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொத்தமல்லி, புதினா, வெள்ளரி போன்று பச்சையாகச் சாப்பிடுபவற்றை இலை இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் அலசுங்கள். கீரையை வேகவைத்துத் தின்கிறோம், அதில் பயமில்லை. தண்ணீர் டிரம்முக்கு எப்போதும் மூடி போட்டிருக்க வேண்டும், உள்ளே விழுந்து செத்த நத்தையோடு இருந்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது. தவழும் குழந்தை நத்தையை வாயில் வைத்திருந்தாலோ, அதற்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் ஊசி குத்துவதுபோல் உணர்வு வந்தாலோ, மருத்துவரிடம் நத்தை விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எலியைக் குறைக்காமல் நத்தையை மட்டும் குறைப்பது பாதி வேலைதான். சிந்திய சோறு, மூடாத குப்பை, கருவாட்டுக் கழிவு மூன்றும் இரண்டுக்கும் பொதுத் தீனி.

கொல்லையில் செம்போத்து இறங்கினால் விரட்டாதீர்கள். நத்தை அதற்குப் பிடித்த இரை. தேரையும் அப்படியே.

புது நாற்று வாங்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். வெளியூர் நர்சரியிலிருந்து வரும் பாலித்தீன் பையின் அடியிலும் மண் கட்டிக்குள்ளும் முட்டைக் கொத்து ஒளிந்து வரும். வாங்கியதும் மற்ற செடிகளோடு சேர்க்காமல் ஒரு வாரம் தனியாக வையுங்கள், பையைத் தூக்கி அடியைப் பாருங்கள், நடும்போது வேர் மண்ணை ஒருமுறை புரட்டுங்கள். தங்கச்சிமடத்திலிருந்து மல்லிகைப் பதியன் வெளியூர்களுக்கு அனுப்புகிறவர்களும் கட்டு கட்டுமுன் இதைப் பார்த்தால், வாங்குகிறவருக்கு நத்தையைச் சேர்த்து விற்காமல் இருக்கலாம்.

மழை முடிந்து தை பிறந்ததும் எல்லோரும் நத்தையை மறந்துவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் நல்ல நேரம். ஈரமான இடம் குறைவாக இருப்பதால் மிச்சமிருப்பவை எல்லாம் ஒன்றிரண்டு மூலைகளில் கூடியிருக்கும். துணி துவைக்கும் கல்லுக்கு அடியில், டிரம் வரிசைக்குப் பின்னால், சொட்டுநீர்க் குழாய் கசியும் இடத்தில் மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்திப் புரட்டி மாசி வெயிலில் காயவிடுங்கள். முட்டைக் கொத்து கிடைத்தால் அதே உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.