இசைத்தட்டின் உள்வட்டத்தில் ஊசி படும் பாடு

1987 முதல் 1995 வரை இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இயங்கிய சாரா ரெக்கார்ட்ஸ் என்ற சிறு இசை நிறுவனம் வெளியிட்ட ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்றைப் பல ஆண்டுகளுக்குப் பின் உறையிலிருந்து எடுத்துச் சுழலவிட்டேன். கணீரென்ற கிட்டாரும் அதன் பின்னே விடாமல் குலுங்கும் டாம்பரின் என்ற சலங்கை வளையமும் சேர்ந்த இண்டி பாப் பாடல் அது; சிறு, சுயேச்சை நிறுவனங்கள் வழி வந்த பாப் இசை. அந்தச் சலங்கையொலி ஒரு பிளாஸ்டிக் பள்ளத்துக்குள் எப்படித் தங்கியிருக்கிறது என்ற பழைய வியப்பு மீண்டும் எழுந்தது.

தட்டில் தெரிபவை தனித்தனி வட்டங்கள் அல்ல; ஒரே பள்ளம்தான் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருள்கிறது. நிமிடத்துக்கு 45 சுற்று வீதம் மூன்று நிமிடப் பாடலுக்கு 135 சுற்றுகள். நீட்டிப் பிடித்தால் ஐம்பது மீட்டரைத் தாண்டும். பள்ளத்தின் சுவர்கள் ஒலியலையின் வடிவில் நெளிந்திருப்பதால் அதில் ஓடும் ஊசியும் அப்படியே அதிர்கிறது. அந்த அதிர்வால் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு கூட்டிலுள்ள காந்தம் கம்பிச்சுருளருகே அசைந்து, சில மில்லிவோல்ட் மின்னழுத்தம் பிறக்கிறது. தாழ்ந்த சுருதியுள்ள கனத்த ஒலிகளை அப்படியே செதுக்கினால் நெளிவு பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும் என்பதால், செதுக்கும்போது அவற்றைக் குறைத்துவிட்டு, பெருக்கியில் மீண்டும் கூட்டிக்கொள்கிறார்கள்.

உண்மையான சிக்கல் வேகத்தில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு சுற்று அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அங்கே பள்ளம் ஊசியின் கீழ் விநாடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் ஓடுகிறது. நடுவில் ஒட்டிய லேபிளை நெருங்குகையில் அது 25 சென்டிமீட்டராகிவிடுகிறது. டாம்பரின் சலங்கையில் நிறைந்திருக்கும் 10,000 ஹெர்ட்ஸ் அலை, அதாவது விநாடிக்குப் பத்தாயிரம் முறை அதிரும் அலை, ஓரத்தில் 0.04 மில்லிமீட்டர் நீளம் பெறுகிறது; உள்ளே 0.025 மில்லிமீட்டருக்குள் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். வழக்கமான உருண்டை முனை ஊசியின் ஆரமே 0.018 மில்லிமீட்டர் என்னும்போது, அத்தனை நெருக்கமான வளைவுக்குள் அதனால் முழுமையாக நுழைய முடிவதில்லை. சலங்கை மழுங்குவதும், பாடகரின் ‘ஸ’கரம் கரகரப்பதும் அதனால்தான். முனை குறுகிய நீள்வட்ட ஊசி இதை ஓரளவு சமாளிக்கும்.

நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் நெடுந்தட்டில் (எல்.பி.), நடுவிலிருந்து இதே தொலைவில் வேகம் இன்னும் கால் பங்கு குறைவு. இந்த வகை இசைக்கு ஏழு அங்குலத் தட்டு பொருந்தியது வெறும் சிக்கனத்தால் அன்று என்பது என் எண்ணம்: இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும் பாடல், ஊசி திணறும் பகுதியை எட்டுவதற்கு முன்பே ஓய்ந்துவிடுகிறது. எஞ்சும் வழவழப்பான வளையத்தில், பல சிறு நிறுவனங்களின் தட்டுகளில், மூலத்தட்டின் மேல் கையால் கீறிய குறும்பு வாசகங்களை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் படிக்கலாம்.