பிறக்காத ஆட்டுக்குட்டியின் காதில் விழுவது என்ன?

"காது ஆராய்ச்சிக்கு எலியே போதாதா, செம்மறி ஆட்டை ஏன் இழுக்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். எலி மலிவு, கூண்டில் அடங்கும், மரபணுவையும் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் சுண்டெலிக்கு ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியாகக் கேட்காது. நம் பேச்சில் உயிரொலிகளின் பலமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. செம்மறி ஆட்டுக்கோ 100 ஹெர்ட்ஸிலிருந்தே கேட்கும்.

உறுப்பும் நெருக்கம். சுத்தி, பட்டை, அங்கவடி என்ற மூன்று எலும்புகளும் ஒலியை நரம்புக்கான சைகையாக மாற்றும் சுருண்ட உட்காதுக் குழலான காக்ளியாவும் நம்முடையவற்றைவிடச் சற்றுச் சிறியவை, அமைப்பு ஏறக்குறைய அதேதான். கினிப் பன்றிக்குச் சுத்தியும் பட்டையும் ஒன்றாக ஒட்டியிருக்கும். அதனால் அங்கவடி எலும்பில் அறுவை சிகிச்சை பழகும் மருத்துவர்கள் இறந்த ஆட்டின் காதில் கைப்பழக்கம் செய்துகொள்கிறார்கள்.

சரி, எனக்குப் பிடித்த காரணம் வேறு. சுண்டெலி பிறக்கும்போது அதற்குக் காது கேட்காது. சுமார் 12 நாள் போக வேண்டும். ஆட்டுக்குட்டி நம்மைப் போலவே கருப்பைக்குள்ளேயே கேட்கிறது. அப்படியென்றால் உள்ளே அதற்கு என்ன கேட்கிறது?

1980-இல் வெளியான ஓர் ஆய்வில், சினை ஆட்டின் பனிக்குடத்துக்குள் நீருக்கடியில் இயங்கும் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்தார்கள். தாய் தீனி தின்பது, தண்ணீர் குடிப்பது, அசைபோடுவது எல்லாம் கேட்டன. வெளியே மனிதர்கள் பேசியதும் மங்கலாகக் கேட்டது. ஆனால் இது பனிக்குட நீரில் இருக்கும் ஒலி. குட்டியின் உட்காது வரை எது போகிறது என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது.

அதற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் கென்னத் ஜெர்ஹார்ட், ராபர்ட் ஏப்ரம்ஸ் குழுவினர் குட்டியின் காதையே ஒலிவாங்கியாக்கினார்கள். காக்ளியாவில் உள்ள மயிர்ச்செல்களின் தலையில் நுண்ணிய மயிர்க்கற்றைகள் உண்டு. ஒலி திரவத்தை அசைக்கும்போது கற்றை ஒரு பக்கம் சாய்ந்தால் அயனிகளுக்கான வழிகள் திறக்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மூடும். பொட்டாசியம் அயனிகள் அந்தத் தாளத்துக்கே பாய்வதால், அங்கே எழும் மின்னழுத்தமும் ஒலி அலையின் வடிவத்திலேயே ஏறி இறங்கும். வீவர், பிரே என்ற இரு ஆய்வாளர்கள் 1930-இல் பூனையிடம் கண்ட விந்தை இது. மூளை தலையிடுவதற்கு முன்பே, காதுக்குள் ஒலியின் மின் நகல் ஒன்று தயாராகிவிடுகிறது! காக்ளியாவில் சவ்வு மூடிய சிறு திறப்பான வட்டச் சாளரத்தருகே மின்முனை பொருத்தி, குட்டியைத் திரும்பக் கருப்பைக்குள் வைத்து, தாயின் பக்கத்தில் பேச்சொலியை ஒலிக்கவிட்டார்கள். பதிவான மின்னலையை மீண்டும் ஒலியாக்கி மனிதர்களைக் கேட்க வைத்தார்கள். குரலின் ஏற்ற இறக்கமும் உயிரொலிகளும் ஓரளவு தேறின. 'ஸ்', 'ஷ்' போன்ற உயர் அதிர்வெண் ஒலிகள் பெரிதும் அடிபட்டுப்போயின.

இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது: ஒலி எந்த வழியாக உள்ளே போகிறது? கருவின் நடுக்காதிலும் திரவம், வெளியிலும் திரவம். செவிப்பறையின் இரு பக்கமும் ஒரே அழுத்தம் இருந்தால் அது எப்படி அசையும்? 1996-இல் அதே குழுவினர் குட்டியின் தலையை ஒலி தடுக்கும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் உறையால் மூடி, காதை மட்டும் திறந்து விட்டார்கள். கேட்பதற்கு ஒலியை இன்னும் கூட்ட வேண்டியிருந்தது. காதையும் சேர்த்து மூடினாலும் அதே கதைதான். அதாவது காது திறந்திருப்பது ஒரு பொருட்டே இல்லை. ஒலி மண்டையோட்டை அதிரச் செய்து, எலும்பு வழியாகவே காக்ளியாவை அடைகிறது. இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்வது அபூர்வம்.

பிள்ளை மேதையாகப் பிறக்கும் என்று வயிற்றில் ஹெட்போன் மாட்டுபவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. தாயின் குரல் அவள் உடல் வழியாகவே உள்ளே போகிறது. அதற்குக் கருவி வாங்கத் தேவையில்லை. இந்த மூடநம்பிக்கை வியாபாரத்தில் புரளும் பணத்தில் ஒரு துளி, செலவு பிடிக்கும் பெரிய விலங்கு ஆய்வுகளுக்கு வந்தால் நன்றாக இருக்கும்.

ஏனென்றால் நிஜமான கேள்வி இரைச்சல். தாழ்ந்த அதிர்வெண் ஒலியை வயிற்றுச் சுவர் அவ்வளவாகத் தடுப்பதில்லை. பேரிரைச்சலுள்ள இடத்தில் வேலை செய்யும் கர்ப்பிணி காதடைப்பான் போட்டால் அவள் காது தப்பும். குழந்தைக்கு அது உதவாது. இரைச்சலிலிருந்து அவளே தள்ளியிருக்க வேண்டும்.