தீனிப்பெட்டியில் யார் பெரியவர்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலம் வந்தால் பல வீட்டுத் தோட்டங்களில் சூரியகாந்தி விதை நிரப்பிய தீனிப்பெட்டி தொங்கும். அதைக் கொஞ்ச நேரம் உற்றுக் கவனித்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடப்பது தெரியும். ஒரு பறவை விதையைக் கொறித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று பறந்து வரும். வந்தது உட்காருவதற்குள் முன்பு இருந்தது எழுந்து பக்கத்துக் கிளைக்குப் போய்விடும். அலகு பட்டிருக்காது, ஓர் இறகும் உதிர்ந்திருக்காது. பறவை ஆய்வாளர்கள் இதையும் மோதல் கணக்கில்தான் எழுதுவார்கள். வந்து இடம்பிடித்தது வென்றது, எழுந்து போனது தோற்றது.

கார்னெல் பறவையியல் ஆய்வகம் கனடா அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து நடத்தும் 'ஃபீடர்வாட்ச்' திட்டம் 1987-இல் தொடங்கியது. வீட்டுக்கு வரும் பறவைகளைப் பொதுமக்களே எண்ணி அனுப்புவார்கள். பின்னாளில் எது எதை விரட்டியது என்பதையும் குறித்து அனுப்பச் சொன்னார்கள். அப்படிச் சேர்ந்த 7,600-க்கும் மேற்பட்ட மோதல்களை எலியட் மில்லர் குழுவினர் அலசி, 136 இனங்களை ஒரே வரிசையில் அடுக்கி 2017-இல் வெளியிட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களால் ஒரு கண்டத்தின் பறவை வரிசையே கிடைத்தது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பான விஷயம்.

வரிசையை முதலில் தீர்மானிப்பது எடை. கனமான பறவை வந்தால் லேசானது விலகும். ஆனால் எடை மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. மரங்கொத்திகள் தங்கள் எடைக்கு மீறிய இடத்தைப் பிடிக்கின்றன. டவுனி மரங்கொத்தி நம் சிட்டுக்குருவியின் எடைதான், முப்பது கிராமைத் தொடாது. இருந்தும் தன்னைவிடக் கனமான பறவைகளை அது விரட்டுகிறது. மரத்தைத் துளைக்கும் அலகு முகத்துக்கு நேரே வருகிறது என்றால் யாரும் யோசிக்கத்தானே செய்வார்கள்! புறாக்கள் இதற்கு நேர்மாறு. நூறு கிராமுக்கு மேல் எடை இருந்தும், எதிர்பார்த்த அளவுக்கு அவற்றால் அதிகாரம் செலுத்த முடிவதில்லை.

சில இடங்களில் வரிசை வட்டமாகச் சுற்றிக்கொள்கிறது. மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங், செந்தலை மரங்கொத்தியை விரட்டும். செந்தலை மரங்கொத்தி, செவ்வயிற்று மரங்கொத்தியை விரட்டும். செவ்வயிற்று மரங்கொத்தியோ ஸ்டார்லிங்கை விரட்டும். எல்லோருக்கும் மேலே ஒருவர் என்று இந்த மூன்றில் யாரையும் சொல்ல முடியாது.

சரி, வெவ்வேறு இனங்களுக்குள் இப்படி என்றால் ஒரே இனத்துக்குள்? அங்கே எடை வித்தியாசம் சொற்பம். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை நார்வேக்காரரான தோர்லீஃப் ஷெல்டரப்-எப்பே நூறாண்டுக்கு முன்பே விளக்கிவிட்டார். தீனிப்பெட்டிக்கு வரும் கருந்தொப்பிச் சிக்கடி என்ற குட்டிப் பறவையிடமும் அதே கதைதான். குளிர்காலத்தில் சிறு கூட்டமாகச் சேரும்போது பெரும்பாலும் ஆண் பெண்ணுக்கு மேலே, மூத்தது இளையதற்கு மேலே. ஆரம்பத்தில் சில உரசல்கள் இருக்கும். அப்புறம் அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்துவிடும். தோற்கப்போவது உறுதி என்றால் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. ஜெயிக்கப்போகிறவருக்கும் அது வீண் செலவு. கடுங்குளிர் இரவைத் தாண்ட ஒவ்வொரு கலோரியும் முக்கியம், மூக்குக்கு மூக்கு மோதிக்கொண்டிருக்கும்போது பருந்து வந்தால் உயிரே போய்விடும். விலகிப்போகும் பறவையைப் பார்த்துப் பாவப்படுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அது தன் உயிரைக் காக்கும் கணக்கைத்தான் போடுகிறது.

முன்பின் தெரியாத பறவையை எப்படி எடைபோடுவது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய சோதனைகள்தான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை. அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஹாரிஸ் குருவிக்குத் தொண்டையிலும் நெஞ்சிலும் கறுப்புத் திட்டு உண்டு. சிலவற்றுக்கு அடர்ந்து பரவியிருக்கும், சிலவற்றுக்கு நாலைந்து புள்ளிகளே இருக்கும். அதிகம் கறுத்தவைதான் கூட்டத்தில் மேலே இருக்கும். அப்படியானால் வெளிறிய குருவிக்கு மை பூசிவிட்டால் அதற்குப் பதவி உயர்வு கிடைக்குமா? 1970-களில் சீவர்ட் ரோவர் அதைச் செய்தே பார்த்தார். மை பூசிய குருவிகளுக்கு நல்ல உதைதான் கிடைத்தது. நிஜமாகவே கறுப்பாக இருந்தவை அவற்றைத் துரத்தித் துரத்திக் கொத்தின. தோற்றத்தில் தலைவன், நடத்தையில் தொண்டன் என்பது பிடிபட்டுவிட்டது. வேறு சிலவற்றுக்கு மை பூசாமல் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை மட்டும் கொடுத்தார். அவை முரட்டுத்தனமாகப் பாய்ந்தன, ஆனால் மற்றவை அசைந்து கொடுக்கவில்லை. மையும் ஹார்மோனும் சேர்ந்து கிடைத்த குருவிகள் மட்டுமே மேலே ஏறின. உடலில் சரக்கும் வேண்டும், அதைச் சொல்லும் அடையாளமும் வேண்டும். பொய் அடையாளம் ஏன் பரவவில்லை என்பதற்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. பொய் சொன்னால் அடி விழுகிறது.

கலிபோர்னியாவில் பொன்முடிக் குருவிகளை வைத்து அலெக்ஸி செய்ன், புரூஸ் லயன் ஆகியோரின் குழு 2018-இல் இன்னொரு படி முன்னே போனது. இவற்றுக்குத் தலையில் பொன்னிறப் பட்டையும் கறுப்புக் கோடுகளும் இருக்கும். பட்டையைச் செயற்கையாகப் பெரிதாக்கியபோது அறிமுகமில்லாத குருவிகள் ஏமாந்து ஒதுங்கின. ஆனால் அதே கூட்டத்தில் பழகியவற்றிடம் சாயம் பலிக்கவில்லை. இந்தக் குருவிகள் ஆண்டுதோறும் அதே குளிர்கால இடத்துக்கு, பழைய கூட்டாளிகளிடமே திரும்பி வருபவை. யார் எப்படி என்று அவற்றுக்கு ஏற்கெனவே தெரியும், அடையாளத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

நமக்கு நன்கு தெரிந்த சிட்டுக்குருவியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆண் குருவியின் தொண்டைக் கறுப்பு அதன் அந்தஸ்தைக் காட்டுகிறது என்று பாடநூல்களே வெகுகாலம் சொல்லிவந்தன. பழைய ஆய்வுகளையும் புதிய தரவுகளையும் ஒன்றாகச் சேர்த்து 2018-இல் அலசியபோது அந்தத் தொடர்புக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அழகான விளக்கம் என்பதற்காக ஒரு கருத்தை எல்லா இனங்களுக்கும் நீட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மேலே இருப்பவை கொழுகொழுவென்றும் கீழே இருப்பவை மெலிந்தும் இருக்கும் என்றுதானே நினைப்போம்? ஸ்காண்டிநேவியக் காடுகளின் வில்லோ பட்டாணிக்குருவிகளில் நிலைமை தலைகீழ். கூட்டத்தின் தலைவர்களிடம் கொழுப்பு குறைவு, கடைநிலையில் இருப்பவற்றிடம் அதிகம். மாதச் சம்பளம் தவறாமல் வரும் வீட்டில் அரிசி மூட்டையை அடுக்கி வைக்கத் தேவையில்லை, அன்றாடங்காய்ச்சிக்குத்தான் நாளைய கவலை. எப்போது போனாலும் சாப்பாடு உண்டு என்ற உறுதி இருப்பதால் தலைவர் ஒல்லியாக, பருந்திடமிருந்து சட்டென்று தப்பும் உடம்போடு இருக்க முடிகிறது. ஆய்வாளர்கள் யான் எக்மனும் கிறிஸ்தியான் லில்லியெண்டாலும் தலைவர்களைக் கூட்டத்திலிருந்து அகற்றிப் பார்த்தபோது, கீழே இருந்தவையும் கொழுப்பைக் குறைத்துக்கொண்டன.

காட்டில் உணவு சிதறிக் கிடக்கும், எல்லாவற்றையும் ஒருவரே காவல் காக்க முடியாது. தீனிப்பெட்டியோ எடுக்க எடுக்கக் குறையாத உணவை ஒரே புள்ளியில் குவித்துவிடுகிறது. காவல் காத்தால் லாபம் என்ற நிலைமையை நாம்தான் உண்டாக்குகிறோம். சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியை நான்கு கிராம்கூட இல்லாத ஓசனிச்சிட்டு ஒன்று நாள் முழுக்கக் காத்து நிற்பது இதனால்தான். வருகிறவர்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் துரத்துவதற்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது, அது காவலை விட்டுவிடும். ஆகவே பெட்டியை ஆக்கிரமிக்கும் ஜே என்ற காக்கைக் குடும்பப் பறவையைக் கை தட்டி விரட்டுவதைவிட, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வீட்டின் இரண்டு பக்கங்களிலும் பெட்டி வைப்பது பலன் தரும். ஒன்றில் உட்காரும் குச்சியைக் குட்டையாக வெட்டிவிட்டால் பெரிய பறவைகளுக்குக் கால் ஊன்ற இடமிருக்காது. தரையில் மேயும் ஜங்கோ போன்றவற்றுக்குக் கொஞ்சம் விதையைப் புதரோரம் பரவலாகத் தூவிவிடலாம்.