தோலுக்குள் போய் வரும் ஒளி

கொக்குவிலில் இருந்து உயர்தர மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "இப்ப வாற பெரிய பட்ஜெட் படங்களில் கிராபிக்ஸ் எல்லாம் அச்சொட்டாக இருக்கு. ஆனால் வெளியே வந்தால் ஒன்றும் மனதில் நிற்கிறதில்லை. ஏன்?"

இதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு விசயத்தைச் சொல்லவேண்டும். அந்த "அச்சொட்டுக்கு" பின்னால் இருக்கும் விஞ்ஞானத்தில் எனக்கு மிகப் பிடித்தது, கணினியில் மனிதத் தோலை உருவாக்கும் விதம்.

ஒளித்தெறிப்பும் முறிவும் சாதாரண தரத்திலேயே படித்தவைதான். ஒளி பட்ட இடத்திலேயே தெறித்துத் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டுதான் முன்பு கணினி உருவங்களை வரைந்தார்கள். உலோகத்துக்கு அது சரி. முகத்துக்குச் சரிவரவில்லை, பிளாஸ்டிக் முகம்தான் வந்தது.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ரோச் லைட்டை விரலடியில் பிடித்துப் பாருங்கள். விரல் நுனி முழுதும் சிவந்து ஒளிரும். உள்ளே எலும்பு இருக்கிறது, ஆனால் அதன் நிழல் தெரியாது. தோலில் விழும் ஒளியில் சிறு பங்குதான் மேற்பரப்பில் தெறிக்கிறது. மிச்சம் உள்ளே போய்விடும். நல்லூர்த் தேரன்று சனத்துக்குள் ஒரு பக்கத்தால் புகுந்தவர் தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டு வேறெங்கோ வெளியே வருவது போல, அந்த ஒளியும் தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகளில் பட்டுத் திசைமாறி, நுழைந்த இடம் ஒன்று, வெளிவரும் இடம் வேறொன்றாக வருகிறது. இந்த அலைச்சலில் எலும்பின் நிழல் கரைந்துவிடும். வழியில் குருதியின் ஈமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் பெருமளவு உறிஞ்சிவிட, சிவப்புத்தான் சில மில்லிமீற்றர் தாக்குப்பிடிக்கிறது. கன்னத்தில் விழும் மூக்கின் நிழலுடைய ஓரம் கூர்மையாக இல்லாமல் மெல்லச் சிவந்திருப்பதும், மாலை வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பவரின் காது சிவப்பாகத் தெரிவதும் இதனால்தான்.

ஒவ்வொரு கதிரின் அலைச்சலையும் கணக்கிடப் போனால் நேரம் போதாது. 2001இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் வான் ஜென்சன் குழுவினர் ஓர் அழகான குறுக்குவழியைக் கொண்டுவந்தார்கள். ஒளி நுழைந்த இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு கற்பனை விளக்கு. தோலுக்கு மேலே, ஒளியைக் கழிக்கும் இன்னொரு கற்பனை விளக்கு. இரண்டையும் கூட்டினால், சுற்றியுள்ள தோல் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு ஒளிரும் என்று வந்துவிடும். அவ்வளவுதான்!

இரட்டை விளக்குக் கணக்கு, திசுக்களை ஒளியால் அளந்த மருத்துவப் பௌதிகவியலில் இருந்து வந்தது. இன்னும் பின்னால் போனால், நட்சத்திர வளிமண்டலத்தில் ஒளி சிதறிச் செல்லும் கணிதத்தை 1950இல் நூலாக்கிய சுப்ரமணியன் சந்திரசேகர், நம் தமிழர், நிற்கிறார். "இதனால் என்ன பயன்?" என்று கேட்டுவிட்டே ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் இந்த வழியைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். நட்சத்திரத்தை ஆராய்ந்தவரிடம் சினிமாவுக்கு உதவுமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? தோலின் ஒளியைக் கணக்கிடும் இந்த வேலைக்காக ஜென்சனுக்கும் இரு சகாக்களுக்கும் 2004இல் ஒஸ்கார் அக்கடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

சரி, கேள்விக்கு வருவோம். லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் இரண்டாம் பாகத்தில், 2002இல், 'கோலும்' என்ற, கணினியில் உருவாக்கிய பாத்திரத்துக்கு இப்படி ஒளி ஊடுருவும் தோலைக் கொடுத்தார்கள். எசமானுக்கு விசுவாசமாக இருப்பதா, துரோகம் செய்வதா என்று அது தன்னோடு தானே வாதாடும். கமரா அந்த முகத்தின் அருகில் நிற்கவேண்டும் என்று கதைதான் கேட்டது. தோல் பிளாஸ்டிக்காக இருந்திருந்தால் அந்தக் காட்சியே விழுந்திருக்கும்.

இன்றைய படங்கள் பலவற்றில் நடப்பது நேர்மாறு. கட்டடம் இடியும் சண்டைகளுக்கு மாதக்கணக்கில் கணினி வேலை தேவை என்பதால், திரைக்கதை முடியுமுன்பே அவற்றை வடிவமைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்புறம் எழுத்தாளருக்கு மிஞ்சுவது, ஒரு சண்டையில் இருந்து அடுத்த சண்டைக்கு ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதான். யார் எதை இழக்கப் பயப்படுகிறார் என்பதை எழுத ஒருவருக்கும் நேரம் கொடுக்கவில்லை, தங்கச்சி. அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை.