படுகளத்து மண்

தர்மபுரியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் கேட்டு வளர்ந்தவர்கள். பகலில் சொற்பொழிவு, ராத்திரி தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் வீழ்வதை நடித்துக் காட்டும் படுகளம், தீமிதி. அந்தக் கதையை வைத்தே மனசைப் பற்றிப் பேசலாம் என்று எனக்குப் புரியவைத்தவர் பாலக்கோடு பக்கத்து விவசாயி ஒருவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அண்ணனோடு வரப்புத் தகராறு. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் கிடையாது. அண்ணன் பேசியதும், தான் பேசாமல் விட்டதும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். “ஊசிமுனை நிலம்கூடத் தரமாட்டேன்னு துரியோதனன் சொன்ன மாதிரிதான் சார் எங்கண்ணன்” என்றார். அவர் கணக்கில் அவர் தர்மர்.

“அந்த நேரத்தில் உங்கள் அண்ணன் அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். உங்களுக்குள் ‘ஊசிமுனைகூட விடமாட்டேன்’ என்று பேசுவது யார்?” என்று கேட்டேன்.

கோபம் வந்துவிட்டது அவருக்கு. அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து உட்கார்ந்தவர் சொன்னார்: “படுகளத்துல துரியோதனனை நம்ம ஊர் மண்ணை எடுத்துத்தானே சார் செய்யறோம்.”

அத்தனை வருஷம் படுகளம் பார்த்த எனக்கு இது தோன்றியதே இல்லை.

கதையை இப்படி மனசுக்குள் நடப்பதாகப் படிப்பது புதுசும் இல்லை. சிவன் எரித்த திரிபுரத்தை, ‘முப்புரமாவது மும்மல காரியம்’ என்கிறார் திருமூலர். எரிந்தவை கோட்டைகள் அல்ல. ஆணவம், கன்மம், மாயை என்று உயிரைப் பிடித்த மூன்று அழுக்குகள். 1888-89இல் கீதையை முதலில் படித்தபோதே, அது மனித நெஞ்சுக்குள் நடக்கும் போரைச் சொல்வதாகத் தோன்றியது என்று காந்தி எழுதியிருக்கிறார். கடோபநிடதத்தில் உடம்பு தேர், புலன்கள் குதிரைகள், மனசு கடிவாளம், புத்தி சாரதி. கோபத்தில் இருப்பவரிடம் “அடக்கிக்கொள்ளுங்கள்” என்றால் காதில் ஏறாது. “கடிவாளம் இப்போ யார் கையில்?” என்று கேட்டால் ஒரு நிமிஷம் நிதானிக்கிறார். கோபத்துக்கு உருவம் கிடைத்துவிட்டால் அதைத் தள்ளிவைத்துப் பார்க்க முடிகிறது.

அந்த விவசாயி நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சர்வேயரை அழைத்து அளக்கத்தான் செய்தார். ஆனால் மெல்ல மெல்லத் தூக்கம் திரும்பியது.

இந்த வாசிப்பை அடுத்தவர் மேல் ஏவக் கூடாது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிச் சொன்ன ஒரு பெண்ணிடம், “துரியோதனன் உனக்குள்ளேயும் இருக்கான், பொறுத்துப் போ” என்று வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருந்தார்கள். இது அநியாயம். சபை நடுவே நியாயம் கேட்ட திரௌபதியும் அதே பாரதத்தில்தான் இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அப்போது வேண்டியது பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.