உப்புத் தூறல் கப்பலைக் கவிழ்க்கும் விதம்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் அமெரிக்காவும் ஆர்க்டிக் கடல் வழியாக சோவியத் ஒன்றியத்துக்கு டாங்கிகள், விமானங்கள், உணவு எல்லாம் அனுப்பின. அதைப் படித்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அந்தக் கடல் குளிர்காலத்தில் உறையாதா? உறையாது என்றால் கப்பல் மீது மட்டும் பனிக்கட்டி எப்படி ஏறியது?"

முதல் கேள்விக்கு விடை எளிது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் நார்வேயைச் சுற்றிக்கொண்டு பேரன்ட்ஸ் கடல் வரை போகிறது. அதனால்தான் வட அட்சரேகை 69 டிகிரியில் இருக்கும் ரஷ்யாவின் மூர்மன்ஸ்க் துறைமுகம் குளிர்காலத்திலும் திறந்திருக்கிறது. அதற்குத் தெற்கே இருக்கும் ஆர்க்கான்கெல்ஸ்க் துறைமுகம் உறைந்துபோகிறது. 1941 ஆகஸ்டில் முதல் கான்வாய், அதாவது போர்க்கப்பல்களின் காவலோடு சேர்ந்து போகும் சரக்குக் கப்பல் கூட்டம், ஐஸ்லாந்திலிருந்து கிளம்பியது. 1945 மே வரை 78 கான்வாய்கள் போய்வந்தன. 1942 ஜூலையில் கலைந்து போகும்படி உத்தரவு பெற்ற பி.க்யூ. 17 கான்வாயின் சரக்குக் கப்பல்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஜெர்மானிய விமானங்களும் நீர்மூழ்கிகளும் அழித்தன. இந்தக் கதை பல புத்தகங்களில் இருக்கிறது. இரண்டாவது கேள்விதான் என்னை இழுக்கிறது.

கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறையும். மேற்பரப்பு நீர் குளிர்ந்ததும் கனமாகிக் கீழே இறங்க, அடியிலிருந்து வெப்பமான நீர் மேலே வரும். ஆகவே கடல் உறைய நெடுநாள் ஆகும். ஆனால் கப்பலின் முகப்பில் அலை மோதித் தெறிக்கும் துளிக்கு அந்த வசதி இல்லை. மைனஸ் 15 டிகிரிக் காற்றில் ஓரிரு விநாடி பறப்பதற்குள் அது தன் வெப்பத்தைப் பெருமளவு இழந்துவிடுகிறது. சில துளிகள் உறைநிலைக்குக் கீழே போன பிறகும் திரவமாகவே இருக்கும். குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் அவற்றில் ஒரு பகுதி சட்டென்று கட்டியாகும்.

ஒரு பகுதிதான். காரணம், நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு கிலோ நீர் உறைந்தால் வெளிவரும் வெப்பம், இன்னொரு கிலோ நீரைச் சுழியத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கும். அந்த வெப்பத்தைக் காற்று வாரிக்கொண்டு போனால்தான் மிச்சமும் உறையும். எனவே குளிரைப் போலவே காற்றின் வேகமும் முக்கியம். மெல்லிய கம்பியும் கயிறும் அகன்ற தளத்தைவிட வேகமாகக் காற்றிடம் வெப்பத்தை இழக்கும். பாய்மரத்தின் கம்பிகள் இருக்கும் உயரத்துக்கு எழும்பும் தூறல் குறைவுதான்; எழும்பியது தப்புவதில்லை. பனிக்கட்டி படிந்த கம்பி தடிக்கிறது, தடித்த கம்பி இன்னும் அதிகத் தூறலைப் பிடிக்கிறது. பாரம் எங்கே ஏறக் கூடாதோ அங்கேயே, பாய்மரத்திலும் அதன் கம்பிகளிலும், ஏறுகிறது.

ஏன் அங்கே ஏறக் கூடாது? கப்பல் சாயும்போது சாய்ந்த பக்கம் அதிகம் மூழ்குவதால் நீரின் மிதப்பு விசை அந்தப் பக்கம் நகர்கிறது. அந்த விசையின் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் கப்பலின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். பியர் பூகேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1746இல் விளக்கிய 'மெட்டாசென்டர்' இதுதான். கப்பலின் ஈர்ப்பு மையம், அதாவது அதன் எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, மெட்டாசென்டருக்குக் கீழே இருக்கும்வரை, சாய்த்தாலும் தஞ்சாவூர்ப் பொம்மைபோல எழுந்துவிடும். பொம்மையின் தலையில் களிமண்ணை அப்பிப் பாருங்கள், எழாது.

கணக்கும் பள்ளிக் கணக்குதான். 500 டன் எடையுள்ள சிறு கப்பல். இரண்டு புள்ளிகளுக்கும் இடைவெளி 60 செ.மீ. என்று வைப்போம். தளம், மாலுமி மேடை, பாய்மரம் எல்லாமாக 500 சதுர மீட்டரில் அரைச் சாண் பனிக்கட்டி படிந்தால் சுமார் 50 டன். அது சராசரியாக ஈர்ப்பு மையத்துக்கு 6 மீட்டர் மேலே இருந்தால், 50ஐ 6ஆல் பெருக்கி 550ஆல் வகுக்க வேண்டும்: ஈர்ப்பு மையம் 55 செ.மீ. மேலேறிவிடும். மிஞ்சுவது 5 செ.மீ.!

இதை மாலுமி உடம்பாலேயே உணரலாம். இடைவெளி நான்கில் ஒன்றாகக் குறைந்தால் கப்பல் ஒருமுறை ஆடி வரும் நேரம் இரட்டிப்பாகும். பழக்கமில்லாதவருக்கு அந்த மெதுவான ஆட்டம் சுகமாக இருக்கும். அனுபவசாலிக்கு வயிற்றைக் கலக்கும், உடனே கோடரியை எடுப்பார்.

அமைதிக்காலத்தில் ஒரு வழி உண்டு: வேகத்தைக் குறைத்து, காற்று பின்னாலிருந்து வீசும்படி கப்பலைத் திருப்பினால் தூறல் குறையும். கான்வாயில் அது முடியாது. வரிசையை விட்டு விலகினால் நீர்மூழ்கிக்கு இரை. வடக்கே உறைகடல், தெற்கே ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நார்வே. குளிர்காலத்தில் உறைகடல் தெற்கே பரவி, பாதையை நார்வேயை நோக்கி நெருக்கும். எனவே கோடரி, சம்மட்டி, நீராவிக் குழாய் எனக் கிடைத்ததைக் கொண்டு, ஆடும் தளத்தில் நின்று உடைத்தார்கள். திமிங்கில வேட்டைக்குக் கட்டி, போருக்காக மாற்றிய 'ஷெரா' என்ற சிறு கப்பல் 1942 மார்ச்சில் பேரன்ட்ஸ் கடலில் பனிக்கட்டி ஏறிக் கவிழ்ந்தது.

பூகேரின் புள்ளி அப்போதே இருநூறு வயதை நெருங்கியிருந்தது. ஆனால் எந்தக் காற்றில், எந்தக் குளிரில், மணிக்கு எவ்வளவு பனிக்கட்டி ஏறும் என்பதை முறையாக அளக்கப் பணம் ஒதுக்கியவர் குறைவு. 1955 ஜனவரியில் 'லொரெல்லா', 'ரொடெரிகோ' என்ற இரு பிரிட்டிஷ் மீன்பிடிக் கப்பல்கள் ஐஸ்லாந்துக்கு வடக்கே ஒரே நாளில் பனிக்கட்டி ஏறிக் கவிழ்ந்து 40 பேர் இறந்தார்கள். அதன் பிறகே அக்கறை பிறந்தது. இத்தகைய ஆய்வுக்கு உயிர்ப்பலி முன்பணமாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இன்று பனிக்கட்டி ஏறும் வடக்குக் கடல்களில் மீன் பிடிக்கும் கப்பலை வடிவமைப்பவர், திறந்த தளத்தில் சதுர மீட்டருக்கு 30 கிலோ பனிக்கட்டி இருப்பதாகவே வைத்துக் கணக்கிட வேண்டும் என்கின்றன சர்வதேச விதிகள். அது மூன்று செ.மீ. தடிமனுக்குச் சற்று மேல்.