கொட்டாவி விட்டால் எழும் கை

“எட்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு தேறிவிட்டது. கையை மட்டும் ஓர் அங்குலம்கூட அசைக்க முடியவில்லை. மடங்கி விறைத்துக் கிடக்கிறது. ஆனால் காலையில் கொட்டாவி விடும்போது அதே கை தானாக மார்பு வரை எழுகிறது. இப்போது தூக்கினீர்களே, இன்னொரு முறை தூக்குங்கள் என்றால் முடியவில்லை என்கிறார். நடிக்கிறாரோ என்று அண்ணனுக்குச் சந்தேகம்” என்று ஒரு வாசகி எழுதியிருந்தார்.

நடிக்கவில்லை. வாசகி கேட்டிருப்பது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. செயலிழந்த கை துணி மாதிரி துவண்டு தொங்கத்தானே வேண்டும், எதற்காக விறைக்கிறது? அசைக்கவே முடியாத கையைக் கொட்டாவி எப்படி அசைக்கிறது? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

பள்ளிப் பாடத்தை வேகமாக ஒரு முறை புரட்டிவிடுவோம். கையைத் தூக்கு என்ற ஆணை மூளையின் மேலடுக்கான புறணியில் பிறக்கிறது. அங்கிருந்து கிளம்பும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளையின் கீழ்க்கோடியான முகுளத்தின் அடிப்பகுதியில் எதிர்ப்பக்கம் மாறி, தண்டுவடத்தில் இறங்குகின்றன. இடப்பக்க மூளையில் அடைப்பு வந்தால் வலக்கை விழுவது இதனால்தான். தண்டுவடத்தில் இரண்டாவது நரம்பணு ஒன்று ஆணையை வாங்கி, தசை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆக, மூளையிலிருந்து தசைக்கு இரண்டே ஆட்கள், ஓர் அஞ்சல் தொடர் ஓட்டம் போல. முதல் ஆளை ஸ்ட்ரோக்கோ, தலைக்காயமோ, தண்டுவட முறிவோ வீழ்த்தலாம். இரண்டாவது ஆளின் உடலை போலியோ வைரஸ் அழிக்கும். அவனுடைய நீண்ட வாலை கியான்-பாரே என்ற நரம்பு நோயோ, ஒரு கத்திக்குத்தோ கெடுக்கும். வீழ்ந்தது யாராக இருந்தாலும் விளைவு முடக்கம்தான். ஆனால் இரண்டும் ஒரே முடக்கம் இல்லை.

இரண்டாவது ஆள் போய்விட்டால் தசைக்கு நாதியில்லை. துவண்டு, சில வாரங்களிலேயே மெலிந்துவிடும். முழங்காலில் சுத்தியலால் தட்டினாலும் கால் அசையாது. முதல் ஆள் போனால் தொடக்கத்தில் துவளும், பிறகு இறுகும். லேசாகத் தட்டினாலே கால் துள்ளும். மருத்துவர் கையிலுள்ள அந்தச் சின்ன ரப்பர் சுத்தியல் ஸ்கேனுக்கு முன்பே கோளாறு மேலேயா கீழேயா என்று சொல்லிவிடுகிறது. 1875-இல் ஜெர்மானிய மருத்துவர்கள் எர்ப், வெஸ்ட்ஃபால் இருவரும் தனித்தனியாக இந்த முழங்கால் துள்ளலை எழுதிவைத்தார்கள். இன்றைக்கும் அதற்கு ஓய்வில்லை.

ஏன் துள்ளுகிறது என்பதுதான் எனக்குச் சலிக்காத கதை. ஒவ்வொரு தசைக்குள்ளும், சதை இழைகளுக்கு நடுவே, சில மில்லிமீட்டர் நீளத்தில் நுண்ணிய உறுப்புகள் புதைந்திருக்கின்றன. நூல் நூற்கும் கதிரைப் போல நடுவில் பருத்து முனைகளில் மெலிந்திருப்பதால் தசைக்கதிர் என்று பெயர். அதனுள்ளே மெல்லிய தசையிழைகள் சில. அவற்றின் நடுப்பகுதியைச் சுருள் கம்பி போலச் சுற்றியிருக்கும் ஒரு நரம்பு முனை. தசை நீண்டால் சுருளும் நீளும், நரம்பு கத்தும். அந்தக் கூச்சல் தண்டுவடத்துக்குள் நுழைந்து, மூளையைக் கேட்காமல், இடையில் தரகர் யாருமில்லாமல், அதே தசைக்குப் போகும் நரம்பணுவை நேராகத் தொடுகிறது. ‘நீள்கிறாய், சுருங்கு.’ நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் தசை சுருங்கத் தொடங்கிவிடும். கையில் ஒரு தட்டை ஏந்தி நிற்கிறீர்கள். யாரோ அதில் திடீரென்று ஒரு புத்தகத்தை வைக்கிறார்கள். தட்டு சற்றே தாழ்ந்து, நீங்கள் யோசிப்பதற்குள் மீள்கிறதே, அந்த மீட்சியைத் தொடங்கிவைப்பது இந்தக் கதிர்தான்.

அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கதிர் நீளத்தை மட்டும் அளப்பதில்லை, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதையும் அளக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் பெருங்கூச்சல், மெதுவாக இழுத்தால் முணுமுணுப்பு.

இப்படி ஆயிரக்கணக்கான கதிர்கள் எந்நேரமும் கத்திக்கொண்டிருந்தால் நாம் எப்படி நெகிழ்வாக இருக்கிறோம்? மூளையும், அதைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டும் சேர்ந்து அவற்றின் பேச்சைத் தணித்துக்கொண்டே இருப்பதால். மூளை உடலை ஏவுகிறது என்றுதான் படிக்கிறோம். தண்டுவடத்தைப் பொறுத்தவரை அது அடக்கி வைத்திருக்கும் வேலையும் அதே அளவுக்குப் பெரிது. ஸ்ட்ரோக்கில் அறுந்தது ஆணை மட்டுமல்ல, கடிவாளமும்தான்.

கடிவாளம் அறுந்த உடனே குதிரை ஓடுவதில்லை என்பது இன்னும் அழகு. தண்டுவடம் முறிந்தவருக்கு முதல் சில நாட்கள், சில வாரங்கள்கூட, முறிவுக்குக் கீழே எல்லாம் அமைதி. மேலிருந்து வரும் செரோட்டோனின் என்ற வேதித்தூது நின்றுபோனதால் கீழேயுள்ள நரம்பணுக்கள் மயங்கிக் கிடக்கின்றன. பிறகு மெல்லத் தகவமைத்துக்கொள்கின்றன. 2010-இல் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டார்கள்: நரம்பணுவின் மேல் அந்தத் தூதை வாங்கும் ஏற்பிகள் உண்டு; செரோட்டோனின் வந்து தொட்டால்தான் விழிக்க வேண்டிய அவற்றில் ஒரு வகை, யாரும் தொடாமலே விழித்த நிலைக்கு மாறிவிடுகிறது. வாசலில் ஆளே இல்லை. அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நரம்பணு உயிர்த்தெழுகிறது, அதோடு இழுப்பும் விறைப்பும் வருகின்றன. குணமும் கோளாறும் ஒரே கதவு வழியாக நுழைந்தால் எந்த மருந்தால் எதைத் தடுப்பது?

வாசகியின் அப்பாவுக்கு வருவோம். ஸ்ட்ரோக்குக்குப் பின் கையில் மடக்கும் தசைகளும், காலில் நீட்டும் தசைகளுமே பொதுவாக அதிகம் இறுகும். அதனால் முழங்கை மடங்கி, விரல்கள் முஷ்டியாகி, கால் மட்டும் கட்டை போல நீண்டு நிற்கும். கையைச் சட்டென்று இழுத்து நிமிர்த்தப் பார்த்தால் எதிர்க்கும். விடாமல் அழுத்தினால் ஒரு கட்டத்தில் மடக்குக் கத்தி போல விட்டுக்கொடுக்கும். கதிரின் குணம் தெரிந்தவர்கள் அப்படி இழுக்க மாட்டார்கள். மெதுவாக, மூச்சு விடும் வேகத்தில் நீட்டினால் பாதி எதிர்ப்பு வராது. நீட்டாமலே விட்டால் தசை உண்மையிலேயே குட்டையாகிவிடும். அதற்கப்புறம் அது நரம்பின் பிரச்சினை இல்லை, சதையின் பிரச்சினை.

தண்டுவடத்தின் மேல்பகுதி முறிந்தவர்களுக்குக் கடிவாளமின்மை உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீர்ப்பை நிரம்பியதை மூளை அறியாது, தண்டுவடம் அறியும். அது தன்போக்கில் ரத்தக்குழாய்களை இறுக்க, ரத்த அழுத்தம் எகிறும். தலை வெடிக்கும்போல வலிக்கும். சில சமயம் சிறுநீரை வெளியேற்றப் பொருத்திய ரப்பர் குழாயில் விழுந்த ஒரு மடிப்பை நிமிர்த்தினாலே அழுத்தம் இறங்கிவிடுகிறது.

2023-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள், 12 ஆண்டுகளுக்கு முன் சைக்கிள் விபத்தில் முடங்கிய ஒருவரை, மூளைமேல் பொருத்திய மின்முனைகள் வாங்கிய ஆணையைத் தண்டுவடத்தின் மேலுள்ள மின்முனைகளுக்கு அனுப்பி நடக்க வைத்தார்கள். முறிவுக்குக் கீழேயுள்ள தண்டுவடம் இன்னும் உயிரோடிருப்பதால்தான் அது சாத்தியமானது. எனக்கும் புல்லரித்தது. ஆனாலும் ஒரு மனக்குறை: தினமும் அரைமணி நேரம் கையைப் பிடித்து நீட்டிவிடும் பிசியோதெரபிஸ்ட் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வருவதில்லை. எந்தப் பயிற்சியை, எத்தனை மணி நேரம், எந்த வாரத்தில் தொடங்குவது என்று பொறுமையாக ஒப்பிடும் ஆய்வுக்குப் பணம் கேட்டால், ‘இதில் புதுமை என்ன?’ என்கிறார்கள். மூடநம்பிக்கையும் தன் பங்குக்கு நேரத்தைத் தின்கிறது. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது 2006-இல் வந்த ஒரு கணக்கு. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். ‘யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்று மந்திரிக்கப் போய்த் திரும்புவதற்குள் அது முடிந்துவிடும்.

இனி கொட்டாவி. அது புறணியின் ஆணைக்குக் காத்திருப்பதில்லை. மூளைத்தண்டில் உள்ள பழைய சுற்றுகளின் வேலை. அப்பாவின் ஸ்ட்ரோக் மேலேயுள்ள புதிய பாதையைத்தான் அறுத்தது. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பழைய பாதைகள் அப்படியே இருக்கின்றன, அதுவும் மேலிடத்து அடக்குமுறை இல்லாமல். மூச்சை இழுத்து வாய் பிளக்கும் அந்தப் பெரிய கிளர்ச்சி கைக்கும் வழிகிறது என்பதுதான் இப்போதைய விளக்கம். 2005-இல் வாலுசின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவரும் சகாக்களும் இதற்கு ஒரு நீண்ட பெயரே சூட்டினார்கள். கை தேறிவருகிறது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. தசையும் அதற்குப் போகும் நரம்பும் வேலை செய்கின்றன என்பது மட்டும் உறுதி.

அடுத்த முறை கொட்டாவி வரும்போது கைப்பேசியில் படம் பிடித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அண்ணனையும் கூட அழைத்துப் போங்கள்.